பெரியவர்கள் கையில் செல்போன்: பணம் பறிபோகாமல் இருக்க வீட்டில் செய்ய வேண்டியவை

வரிசையில் நின்றால் கால் வலிக்கும் வயதில் செல்போன் பெரிய துணை. சிலிண்டர் பதிவு செய்வது, கரண்ட் பில் கட்டுவது, பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்ப்பது, துபாயில் இருக்கும் பேத்தியோடு பேசுவது எல்லாம் அதில்தான் நடக்கிறது. அதே போன் வழியாக, முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே மத்தியானத்தில் போய்விடவும் செய்கிறது. இதற்குப் பயந்து, "உங்களுக்கு எதுக்கு ஸ்மார்ட்போன், பட்டன் போன் போதும்" என்று பிடுங்கி வைக்கிற வீடுகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போனில் சில அமைப்புகளை மாற்றி, வங்கியில் இரண்டு மூன்று ஏற்பாடு செய்து, வீட்டில் நிதானமாகப் பேசி வைத்தால் பெரும்பாலான மோசடிகளைத் தடுத்துவிடலாம்.

மோசடிக்காரர்கள் எந்தக் கதையோடு வந்தாலும் ஒரு வரியைத் தவறாமல் சொல்கிறார்கள்: "இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்." சொன்னால் பிள்ளைகள் திட்டுவார்கள் என்று ஏற்கெனவே பயந்திருப்பவரிடம் அந்த வரி உடனே பலித்துவிடுகிறது. அதனால் இந்தக் குறிப்புகளில் பல, நாம் வீட்டில் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியவை. வயதானவர்களை மனதில் வைத்து எழுதியிருந்தாலும், பக்கவாதத்துக்குப் பிறகு ஞாபகம் தடுமாறுபவர்கள், பார்வை மங்கியவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தனியாக இருப்பவர்கள் எல்லாருக்கும் இவை உதவும்.

1. முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று ஒருமுறை கத்திவிட்டால், அடுத்த முறை சந்தேகம் வரும்போது அம்மா நம்மைக் கூப்பிட மாட்டார். "எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடும்மா, ஆபீஸ்ல இருந்தாலும் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி எடுக்கவும் செய்யுங்கள். பத்து அழைப்புகளில் ஒன்பது ஒன்றுமில்லாத விஷயமாகத்தான் இருக்கும். அந்த ஒன்பதுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன பிள்ளைக்குத்தான் பத்தாவது அழைப்பு வரும். நாம் எடுக்க முடியாத நேரத்துக்கு இன்னொரு ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். தங்கை மகன், எதிர்வீட்டு ஆசிரியர், மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண் என்று கூப்பிட்டதும் வரக்கூடிய ஒருவர் போதும்.

2. கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் கவலை குறையும். பென்ஷனும் வைப்புத்தொகையும் இருக்கும் கணக்கு ஒன்று. போனில் ஜிபே, போன்பேயுடன் இணைக்கும் கணக்கு இன்னொன்று. இரண்டாவது கணக்கில் மாதச் செலவுக்கு உண்டானது மட்டும் இருக்கட்டும். கையில் இருப்பது ஐயாயிரம் என்றால், யார் என்ன தந்திரம் செய்தாலும் போவது ஐயாயிரம்தான். பெரிய கணக்குக்கு நெட் பேங்கிங் வேண்டாம் என்று கிளையில் எழுதிக் கொடுங்கள். குறுஞ்செய்தித் தகவல் மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும். அதை நிறுத்தக் கூடாது.

பெரிய வைப்புத்தொகை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். கூட்டுக் கணக்கை 'இருவரில் ஒருவர்' என்று வைப்பதே வழக்கம். ஒரு பகுதித் தொகையை மட்டும் 'இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்' என்ற முறையில் வைத்தால், மிரட்டலுக்குப் பயந்து ஒருவர் அவசரமாக முறிக்கப் போனாலும் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். எல்லாப் பணத்தையும் இப்படி வைக்க வேண்டாம். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் மற்றவர் கையில் பணம் இருக்காது.

3. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும் மட்டும்தான் அது வேண்டும். பழைய கட்டிலை விற்கப் போட்ட விளம்பரத்தைப் பார்த்து, "ராணுவத்தில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்பான் ஒருவன். ஸ்கேன் செய்து பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. பேரனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவுக்கு ஒரு ரூபாய் அனுப்பட்டும். தாத்தா எதையும் தொடாமலே பணம் வந்துவிட்டதைக் காட்டுங்கள். பிறகு தாத்தா அந்த ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பட்டும். இப்போது பின் கேட்கும். நாலைந்து முறை செய்தால் மனதில் பதிந்துவிடும்.

4. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இன்று பெரியவர்களை மொத்தமாக அழிப்பது இந்த மோசடிதான்.

முதல் அழைப்பு கூரியர் கம்பெனியிலிருந்தோ தொலைத்தொடர்புத் துறையிலிருந்தோ வந்ததுபோல இருக்கும். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்பார்கள், அல்லது "உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்" என்பார்கள். அழைப்பை 'மும்பை போலீஸ்', 'சி.பி.ஐ.', 'அமலாக்கத் துறை' என்று மாற்றிவிடுவார்கள். வீடியோ காலில் சீருடை, பின்னால் காவல் துறைச் சின்னம், கையில் முத்திரை குத்திய உத்தரவு எல்லாம் தெரியும். "கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்று மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் உட்கார வைப்பார்கள். கடைசியில், "உங்கள் பணம் நல்ல பணமா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், திரும்பி வந்துவிடும்" என்பார்கள். வைப்புத்தொகையை முறித்து அனுப்பியவர்கள் ஏராளம்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். லூதியானாவின் வர்த்தமான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் 2024-ல் இப்படி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பெயரில் போலி விசாரணையே நடத்திக் காட்டினார்கள். அவர் வெட்கப்பட்டு மறைக்காமல் புகார் கொடுத்ததால் பெரும்பகுதிப் பணம் மீட்கப்பட்டது. 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த மோசடியைப் பற்றி எச்சரித்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள்: "என் பையனோட ஸ்டேஷனுக்கு நேரில் வரேன், இப்போ போனை வைக்கிறேன்." சொன்னதும் துண்டித்துவிட வேண்டும். துண்டித்தால் கைது செய்வார்கள் என்ற பயம் வேண்டாம். உண்மையான போலீஸ் விசாரணை என்றால் எழுத்தில் சம்மன் வரும், நேரில் வருவார்கள். எந்தக் காவல் அதிகாரியும் நீதிபதியும் வாட்ஸ்அப்பில் கைது செய்வதில்லை, பணத்தை மாற்றச் சொல்வதும் இல்லை.

5. அந்த வாக்கியத்தை ஒத்திகை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலுள்ள யாராவது போலி சி.பி.ஐ. அதிகாரியாகப் பேசட்டும், பாட்டி போனை வைத்துப் பழகட்டும். பேசிக்கொண்டிருப்பவர் முகத்தில் அடித்த மாதிரி போனை வைப்பது அந்தத் தலைமுறைக்கு மரியாதைக்குறைவாகத் தோன்றுகிறது. எதிர்முனையில் இருப்பவன் நம்பியிருப்பது அந்த மரியாதையைத்தான். மிரட்டுபவனிடம் பாதியிலேயே வைக்கலாம், தப்பில்லை என்று நாம் வாய்விட்டு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது.

6. கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், வீடியோவாகக்கூட வரும், ஏ.பி.கே. என்று முடியும் கோப்பாக வராது. ஏ.பி.கே. என்பது போனில் ஒரு செயலியை நிறுவும் கோப்பு. அதைத் திறந்து நிறுவிவிட்டால், நமக்கு வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்திகளை அது நமக்குத் தெரியாமலே இன்னொருவருக்கு அனுப்பிவிடக்கூடும். போக்குவரத்து அபராதம், விவசாய உதவித்தொகை, வங்கி கே.ஒய்.சி. என்ற பெயர்களிலும் இவை சுற்றுகின்றன. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருவதுதான் இதில் ஆபத்து. அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதிலிருந்து எல்லாருக்கும் தானாகப் போயிருக்கும். ஆகவே அனுப்பியவரைக் கூப்பிட்டு, "நீங்க அனுப்பினீங்களா?" என்று கேட்ட பிறகே திறக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி என்ற பகுதி இருக்கிறது. அதில் வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் ஆகியவற்றுக்கு எதிரே உள்ள அனுமதியை அணைத்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

7. "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்பு கொள்ளுங்கள்" என்று செல் எண்ணோடு வரும் செய்தி பொய். இரவில் தனியாக இருக்கும் ஒருவருக்கு இருட்டைப் பற்றிய பயம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் அதை அனுப்புகிறார்கள். சந்தேகம் இருந்தால் மின் இணைப்பு எண்ணை மின்வாரியத்தின் செயலியில் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது அதன் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் கேட்கலாம்.

8. போன் திரையை அந்நியருக்குக் காட்ட வேண்டாம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகள் தூரத்தில் இருப்பவருக்கு நம் திரையைக் காட்டும். அனுமதி கொடுத்தால் போனையே இயக்கவும் விடும். வாட்ஸ்அப் வீடியோ காலிலும் திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. "ரீஃபண்ட் போடுகிறேன், இந்த ஆப்பை டவுன்லோடு செய்யுங்கள்" என்று யார் சொன்னாலும் அந்த அழைப்பு அங்கேயே முடிய வேண்டும்.

9. ஒரு மாலை நேரம் ஒதுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து போனைச் சரிசெய்து கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், அவர்களுக்கு விருப்பம் இருந்தால். பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை இயக்கிப் பழக்குங்கள். என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் 'சரி' பொத்தானை அழுத்துவதால் நடக்கும் விபத்துகள் நிறைய.

வாட்ஸ்அப்பில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி செய்யலாம். அழைப்பு வந்த விவரம் பட்டியலில் இருக்கும், மணி மட்டும் அடிக்காது. அதே பகுதியில், நம்மைக் குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். பங்குச் சந்தை மோசடிக் குழுக்களில் யாரோ இழுத்துப் போடுவது அதோடு நிற்கும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். பிறந்த தேதியாக வேண்டாம்.

10. வங்கியின் எண்ணை கூகுளில் தேடக் கூடாது. தேடினால் வருவதில் போலி வாடிக்கையாளர் சேவை எண்களும் கலந்திருக்கின்றன. டெபிட் கார்டின் பின்புறமும் பாஸ்புக்கிலும் சரியான எண் இருக்கிறது. அதைப் போனில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனங்கள் நம்மை அழைக்க 1600 என்று தொடங்கும் எண் வரிசையை அரசு ஒதுக்கியிருக்கிறது. சாதாரண செல் எண்ணிலிருந்து "மேனேஜர் பேசுறேன், கார்டு பிளாக் ஆகிடும்" என்றால் வைத்துவிடலாம். எந்த எண்ணிலிருந்து வந்தாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை.

11. குடும்பத்துக்கு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, இது ஃப்ரெண்டோட நம்பர், உடனே பணம் அனுப்பு" என்று மகன் குரலிலேயே அழைப்பு வரும் காலம் இது. சமூக வலைத்தளத்தில் போட்ட வீடியோவிலிருந்து குரலை எடுத்து, அதேபோலப் பேச வைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பெற்றவளுக்குக் குரலைக் கேட்டபின் யோசிக்க ஓடாது. ஆகவே ஊரில் முன்பு வளர்த்த மாட்டின் பெயர், பெரியப்பாவின் பட்டப்பெயர் என்று குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்றைப் பேசி வைத்து, அதைக் கேட்கப் பழக்குங்கள். எங்கும் எழுதி வைக்க வேண்டாம். அதோடு, மகனின் வழக்கமான எண்ணுக்கு ஒருமுறை திருப்பி அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவன் ஆபீஸில் நல்லபடியாக உட்கார்ந்திருப்பான்.

12. பென்ஷன்தாரர்களுக்கு: ஆயுள் சான்றுக்காகக் கருவூலமோ வங்கியோ போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை. "சான்று புதுப்பிக்காவிட்டால் அடுத்த மாதம் பென்ஷன் நிற்கும்" என்ற மிரட்டலுக்குப் பணிய வேண்டாம். ஜீவன் பிரமாண் டிஜிட்டல் சான்றை வீட்டிலிருந்தே முகப் பதிவு மூலம் கொடுக்கலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலமாகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து, 70 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்து தருகிறார். தெரிந்த தபால்காரர் வாசலுக்கு வருவதைவிட நம்பகமான வழி வேறு எனக்குத் தெரியவில்லை.

13. கைரேகையும் பணம்தான். ஆதார் மூலம் பணம் எடுக்கும் சிறு இயந்திரத்தில் விரல் வைத்தால் ஓ.டி.பி. இல்லாமலே கணக்கிலிருந்து எடுக்க முடியும். கிராமங்களில் முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிகளிடம், "விரல் சரியா விழல, இன்னொரு தடவை வை பாட்டி" என்று இரண்டு முறை எடுத்துவிடும் ஆள்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது.

ஆதாரின் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. நகரத்தில் இருந்துகொண்டு விரல் ரேகையைப் பெரிதாகப் பயன்படுத்தாதவர்கள் கட்டாயம் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடையில் மாதாமாதம் விரல் வைப்பவர்களுக்கு இது தொல்லையாகிவிடும், ஒவ்வொரு முறையும் திறந்து மூட வேண்டும். அவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆதார் சந்தேகங்களுக்கு 1947.

14. பங்குச் சந்தைக் குழுக்கள் ஓய்வு பெற்ற ஆண்களைக் குறிவைக்கின்றன. முதலில் ஆயிரம் ரூபாய் போட்டு ஆயிரத்து இருநூறாக எடுக்க விடுவார்கள். அதில் நம்பிக்கை வந்து லட்சங்களைப் போட்டதும், செயலியில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் 'வரி கட்டினால்தான் எடுக்கலாம்' என்பார்கள். அந்த லாபம் திரையில் எழுதிய வெறும் எண். பிரபலங்கள் சிபாரிசு செய்வதாக வரும் வீடியோக்களும் கணினியில் செய்தவை. ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்று செபி இணையதளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

15. தினமும் குட்மார்னிங் அனுப்பும் புது நண்பர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கேட்கும்போது மிகவும் கவனம் வேண்டும். துணையை இழந்த ஒருவருக்கு, "சாப்பிட்டீங்களா?" என்று நாளும் கேட்கும் ஆள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். "இந்த வயசுல இது தேவையா?" என்று ஒரு வார்த்தை விட்டால், அவர் நம்மிடமிருந்து ஒளிந்துகொண்டு அந்த ஆளிடம் இன்னும் நெருங்குவார். அந்த நண்பர் நேரில் வந்தாரா, வீடியோவில் முகம் காட்டினாரா, எப்போதாவது பணம், பரிசுப் பார்சல், சுங்கக் கட்டணம் என்று பேசினாரா என்று சாதாரணப் பேச்சில் கேளுங்கள். பணப் பேச்சு வந்திருந்தால் அது மோசடிதான். கூடவே, அந்த இடத்தை நிரப்ப நாம் என்ன செய்யப்போகிறோம் என்றும் யோசிக்க வேண்டும். தினம் பத்து நிமிஷப் பேச்சு, நூலகம், கோயில் கமிட்டி, பழைய சகாக்களோடு காலை நடை என்று ஏதாவது ஒன்று. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு 14567 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை.

16. ஞாபகம் தடுமாறத் தொடங்கியவர்களுக்கு ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்யுங்கள், அவர் சம்மதம் சொல்லும் நிலையில் இருக்கும்போதே. டெபிட் கார்டில் ஆன்லைன் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டையும் வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கலாம். ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும் குறைக்கலாம்.

யு.பி.ஐ. சர்க்கிள் என்று ஒரு வசதி 2024-ல் வந்திருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மகள் தன் கணக்கோடு அப்பாவின் போனை இணைத்துவிட்டால், அப்பா கடையில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கலாம். பணம் மகள் கணக்கிலிருந்து போகும். மாதம் 15,000 ரூபாய் வரை என்று வரம்பு வைக்கலாம், அல்லது ஒவ்வொரு முறையும் மகள் ஒப்புதல் தந்தால்தான் போகும்படி வைக்கலாம். அப்பாவின் கணக்கு போனிலேயே இருக்காது. கடைக்குப் போய்த் தானே பணம் கொடுக்கும் கௌரவமும் அவருக்குப் போகாது.

70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை செய்ய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் கேட்டுப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் சட்டபூர்வக் காப்பாளர் நியமனம் வாங்கலாம். வங்கிக் கணக்கை நடத்த அது உதவும்.

17. உதவி செய்பவரும் கணக்குக் காட்ட வேண்டும். சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: பெரியவர்களின் பணத்தை எடுப்பவர்களில் சொந்தக்காரர்களும் பணியாளர்களும் உண்டு. பின் எண்ணைச் செல்போன் கடைப் பையன் அமைத்துக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். நாமே உதவினாலும் மாதம் ஒருமுறை பாஸ்புக்கைப் பதிந்து, அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பது நல்ல பழக்கம். எடுத்தது யார், எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பணத்தையும் சொத்தையும் பிடுங்கிக்கொண்டு கைவிட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

18. போன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில், கருப்பு மையில், நாலே வரி: நம் எண், வங்கிக் கிளை எண், சைபர் போலீஸ் 1930, 'யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதே'. அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டார்கள். ஏ.டி.எம். பின் எண்ணை அதில் எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு, கூடாது.

19. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் வேலை 1930-ஐ அழைப்பது. பிள்ளை வரட்டும், நாளைக்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படும். அதற்குள் 1930-ல் தகவல் போனால், அந்தந்த வங்கிகள் அந்தத் தொகையை நிறுத்தி வைக்க முடியும். சீக்கிரம் சொல்லச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அழைக்கும்போது கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வங்கியை அழைத்துக் கார்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். ஏ.பி.கே. கோப்பு நிறுவியிருந்தால் அந்தப் போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து இவற்றைச் செய்யுங்கள். வெட்கத்திலோ கோபத்திலோ செய்திகளை அழிக்க வேண்டாம். அழைத்த எண்கள், வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன்பின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் போகலாம்.

வங்கிக் கிளையில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதியின்படி, நம் தவறு எதுவும் இல்லாமல் வெளியாள் ஊடுருவி எடுத்த பணத்தை, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம் தலையில் விழாது. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் தெரிவிக்கும்வரை போனது நம்முடையது. தெரிவித்த பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு. ஆகவே எப்படிப் போயிருந்தாலும் அந்த நிமிஷமே தெரிவிப்பதில் லாபம் உண்டு. வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448.

20. பணம் இழந்தவரைத் தேடி இரண்டாவது கூட்டம் வரும். "சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள். பணத்தை மீட்டுத் தருவதற்குப் போலீஸ் கட்டணம் வாங்குவதில்லை. முதலில் ஏமாந்தவரின் எண்ணும் பெயரும் கூட்டத்துக்குக் கூட்டம் கைமாறுகின்றன. குறைந்தது சில மாதங்களுக்குத் தெரியாத அழைப்புகளை வீட்டில் வேறொருவர் எடுப்பது நல்லது.

அந்த நாள்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். பணத்தைவிட, ஏமாந்துவிட்டோம் என்ற நினைப்புதான் பலரைச் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல் செய்கிறது. உறவினர்கள் கூடும் இடத்தில் இதைக் கதையாகச் சொல்ல வேண்டாம். யாரிடம் சொல்லலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். ரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்று பாருங்கள். வாழ்க்கையே வெறுத்துப்போனதுபோல் பேசினால் தாமதிக்காமல் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.